காடு தருவது ஆக்சிஜன் அல்ல, கடை விற்பது பொருள் அல்ல: இரண்டு அமேசான்களின் கதை

2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் கணினிச் சேவையில் ஏற்பட்ட கோளாறால் உலகெங்கும் பல செயலிகள் மணிக்கணக்கில் முடங்கின. அடுத்த வாரமே, அலுவலகப் பணியாளர்களில் சுமார் 14,000 பேரைக் குறைக்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. நவம்பர் 10 அன்று பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு தொடங்கியது. அங்கே அமேசான் காட்டின் எதிர்காலம் முக்கியமான பேச்சாக இருந்தது. ஒரே மாதத்துக்குள் ஒரே பெயரில் இத்தனை செய்திகள் வந்தால் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் பெயர்க் குழப்பத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காட்டைப் பற்றியும் சரி, கடையைப் பற்றியும் சரி, நம்மில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் தகவலே தவறானது. இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஆறு எவ்வளவு பெரியது?

அமேசான் ஆறு சுமார் 6,400 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ஆனால் அதன் பெருமை நீளத்தில் இல்லை, நீரில் இருக்கிறது. சராசரியாக வினாடிக்கு 2,09,000 கனமீட்டர் நீரை அது அட்லாண்டிக் பெருங்கடலில் கொட்டுகிறது. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் சுமார் 74 லட்சம் கன அடி. கொள்ளிடத்தில் இரண்டு லட்சம் கன அடி திறந்துவிட்டாலே சிதம்பரம் பக்கத்துத் திட்டுக் கிராமங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். 1,465 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள வீராணம் ஏரியை அமேசான் ஆறு நிரப்ப மூன்றரை நிமிடம்கூட ஆகாது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணை வறண்டு கிடந்தாலும் மூன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். உலகின் ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஆற்றினுடையது.

இவ்வளவு பெரிய ஆற்றின் முதன்மைப் போக்கில் ஒரு பாலம்கூட இல்லை. மனாஸ் நகரில் 2011-இல் திறக்கப்பட்ட பெரிய பாலம், துணையாறான நீக்ரோவின் மேல்தான் நிற்கிறது. பருவத்துக்குப் பருவம் நீர்மட்டம் பத்து மீட்டர்வரை ஏறி இறங்கும். கரைகள் இளகிய மண். பாலம் கட்டினாலும் இணைப்பதற்குச் சாலைகள் குறைவு. ஆறே சாலை என்பதால் மக்கள் படகில் போகிறார்கள்.

‘உலகின் நுரையீரல்’ என்பதில் என்ன பிழை?

2019 ஆகஸ்டில் அமேசான் எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அதை உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தரும் நுரையீரல் என்று எழுதினார். அவர் பகிர்ந்த படம் 2003-இலேயே காலமான ஒரு புகைப்படக்காரர் எடுத்தது. படம் பழையது என்பது அப்போதே வெளியில் வந்துவிட்டது. அந்த 20 சதவீதம் என்ற எண் மட்டும் இன்றும் பள்ளிக் கட்டுரைகளில் உலவுகிறது. அது ஏன் தவறு?

1. மரங்கள் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. அதே மரங்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன, அதற்கு ஆக்சிஜன் செலவாகிறது.

2. உதிர்ந்த இலையையும் விழுந்த மரத்தையும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மட்கச் செய்கின்றன. மிச்சமிருந்த ஆக்சிஜன் அதில் போய்விடுகிறது. வளர்ந்து முதிர்ந்த ஒரு காட்டில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம்.

3. காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன், மட்காமல் கடலடியில் புதைந்துபோன உயிர்ப்பொருள்களால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த இருப்பு. நிலத்தில் உள்ள உயிர்ப்பொருள் அத்தனையும் இன்றே எரிந்தாலும் அந்த இருப்பில் ஒரு சதவீதம்கூடக் குறையாது.

ஆகவே அமேசான் அழிந்தால் நாம் மூச்சுத் திணறிச் சாகப்போவதில்லை. இதைச் சொன்னால், ‘அப்படியானால் காடு எரிந்தால் என்ன?’ என்று கேட்பவர்களும் வருகிறார்கள். பிழையான காரணத்தைச் சொல்லி ஒரு நல்ல விஷயத்தைக் காப்பாற்ற முயல்வதன் ஆபத்து இதுதான். பொய் உடையும்போது உண்மையும் சேர்ந்து மதிப்பிழக்கிறது. காட்டைக் காக்க வேண்டிய உண்மையான காரணங்கள் இன்னும் வலுவானவை.

காடு செய்யும் உண்மையான வேலை

முதலாவது மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று காட்டின் கிழக்கு ஓரத்தில் மழையாகப் பெய்கிறது. மரங்கள் அந்த நீரை வேரால் உறிஞ்சி இலைகளின் வழியே ஆவியாக மறுபடியும் காற்றில் விடுகின்றன. காற்று அதைச் சுமந்து மேற்கே போகிறது, மீண்டும் பெய்கிறது, மீண்டும் ஆவியாகிறது. கடலிலிருந்து ஆண்டீஸ் மலைவரை போவதற்குள் ஒரே ஈரம் ஐந்தாறு முறை இப்படிச் சுழல்கிறது. காட்டின் மழையில் ஏறத்தாழ பாதி, காடே தயாரித்துக்கொள்வது. பிரேசில் அறிவியலாளர் எனெயாஸ் சலாட்டி 1970-களில் மழைநீரில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபடும் ஆக்சிஜன் அணுக்களை, அளந்து இதை நிறுவினார். வானில் ஓடும் இந்த ஈரத்துக்குப் பிரேசிலில் ‘பறக்கும் ஆறுகள்’ என்று பெயர். ஒரு பெருமரம் ஒரு நாளில் ஆயிரம் லிட்டர்வரை ஆவியாக்கும். ஆண்டீஸில் முட்டித் தெற்கே திரும்பும் அந்த ஈரம், காட்டிலிருந்து வெகு தொலைவில் உள்ள தென் பிரேசில், பராகுவே, வட அர்ஜென்டினா வயல்களுக்கும் மழையாகிறது.

இரண்டாவது கார்பன். மரத்திலும் மண்ணிலுமாக 15,000 கோடி முதல் 20,000 கோடி டன் கார்பனை அமேசான் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டு ஓர் ஓரத்தில் திறந்துவிட்டது. காட்டின் தென்கிழக்குப் பகுதி உறிஞ்சுவதைவிட அதிகமாகக் கார்பனை வெளியிடுகிறது என்று 2021-இல் வெளியான விமான அளவீடுகள் காட்டின.

மூன்றாவதுதான் பலருக்கும் நம்பக் கடினமானது. இவ்வளவு அடர்ந்த காடு நிற்கும் மண் பெரும்பாலும் சத்தற்றது. புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் மரங்கள் போன பிறகு மழை எப்படி ஓடைகளாக அரித்து மேல்மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அமேசானிலும் பல லட்சம் ஆண்டு மழை மண்ணின் சத்தைக் கழுவிவிட்டது. சத்தெல்லாம் உயிருள்ள மரத்திலும், தரையில் ஒரு விரல்கடை ஆழத்தில் மட்கிக்கொண்டிருக்கும் இலையிலும் இருக்கிறது. இலை விழுந்ததும் வேர்கள் அதை விடாமல் எடுத்துக்கொள்கின்றன. காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்கினால் சாம்பல் தரும் உரம் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. பிறகு அடுத்த துண்டுக் காட்டை எரிக்கப் போகிறார்கள். அமேசான் அழிவுக்கு முதல் காரணம் மாட்டுப் பண்ணை மேய்ச்சல்.

மழை கழுவிக்கொண்டு போகும் பாஸ்பரஸ் எப்படித் திரும்பி வருகிறது? சகாரா பாலைவனத்திலிருந்து வருகிறது. சாட் நாட்டில் வற்றிப்போன ஒரு பழைய ஏரிப் படுகை இருக்கிறது, போடெலே என்று பெயர். அங்கிருந்து கிளம்பும் தூசு கடலைத் தாண்டி அமேசானில் விழுகிறது. நாசா செயற்கைக்கோள் தரவுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கோடி டன்னுக்கும் அதிகமான தூசு, அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். ஆற்றோடு போகும் இழப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். ஒரு கண்டத்தின் பாலைவனம் மறு கண்டத்தின் மழைக்காட்டுக்கு உரம் இடுகிறது.

மனிதர் கை படாத காடா?

இல்லை. இதுவும் ஒரு பழைய நம்பிக்கை. ஆற்றங்கரைகளில் ஆங்காங்கே கறுப்பு மண் திட்டுகள் இருக்கின்றன. வெட்டிப் பார்த்தால் கரித்துண்டு, மீன்முள், எலும்பு, பானை ஓட்டுச் சில்லு எல்லாம் கலந்து கிடக்கும். சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம்வரைகூட இருக்கும். சத்தில்லாத மண்ணில் வாழ்ந்த மக்கள், தங்கள் அடுப்புக் கரியையும் எச்சங்களையும் சேர்த்துத் தாங்களே உருவாக்கிய வளமான மண் அது. பக்கத்து மண் வெளிறிக் கிடக்க, அந்தக் கறுப்பு மண்ணில் இன்றும் பயிர் செழிக்கிறது. ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கில் லேசர் அளவீட்டின் மூலம் மண்மேடைகள், நேர்ச் சாலைகள், வயல்கள் கொண்ட நகரக் கூட்டம் ஒன்று அடையாளம் காணப்பட்டதாக 2024 ஜனவரியில் செய்தி வந்தது. அதன் தொடக்கம் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பு. அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகள் இறங்கிய காலத்தில் அங்கே அந்த வீதிகளில் மக்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மக்கள் பயிராக்கிய செடி நம் வீட்டிலும் இருக்கிறது. பாயசத்தில் போடும் ஜவ்வரிசி, மரவள்ளிக் கிழங்கின் மாவு. மரவள்ளியை முதன்முதலில் பயிராக்கியது அமேசானின் தென்மேற்கு ஓரத்து மக்கள். பழைய தென்னாற்காட்டின் பகுதியான கள்ளக்குறிச்சியில் இன்று அது முக்கியப் பயிர். பண்ருட்டியின் முந்திரியும் பிரேசில் செடிதான், போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. ஆனால் அதன் தாயகம் அமேசான் காட்டின் நடுவில் இல்லை, வடகிழக்குப் பிரேசிலின் கடலோரப் பகுதி.

ரப்பரின் கதை கசப்பானது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த சில ஆயிரம் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. ரப்பர் பணத்தில் 1896-இல் மனாஸ் நகரம் காட்டின் நடுவே இசை நாடக அரங்கைத் திறந்தது. ஆசியத் தோட்டங்கள் விளைச்சல் தரத் தொடங்கியதும் அந்த வாழ்வு சரிந்தது. மலாயாவின் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தென்னாற்காட்டிலிருந்தும் கப்பலேறிப் போனார்கள். அமேசானின் மரம் நம் ஊர் மனிதர்களின் உழைப்பில்தான் இன்னொரு கண்டத்தில் வேரூன்றியது.

புதுச்சேரிக்கும் அமேசான் காட்டுக்கும் என்ன உறவு?

அமேசான் காடு ஒன்பது ஆட்சிப் பகுதிகளில் பரவியிருக்கிறது. சுமார் 60 சதவீதம் பிரேசிலில் இருக்கிறது. பெரு, கொலம்பியா, வெனிசுலா, ஈக்வடார், பொலிவியா, கயானா, சுரினாம் ஆகியவை மற்ற நாடுகள். ஒன்பதாவதாக வருவது பிரெஞ்சு கயானா. அது தனி நாடு அல்ல, 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே யூரோ நாணயம் செல்லும். பிரான்சுக்கு மிக நீளமான நில எல்லை ஜெர்மனியுடனோ ஸ்பெயினுடனோ இல்லை, பிரேசிலுடன்தான் என்பதற்கும் இதுவே காரணம். அந்த மாவட்டம் முழுவதும் கிட்டத்தட்டக் காடு. 2007-இல் அங்கே அமேசான் பெயரிலேயே ஒரு தேசியப் பூங்கா அமைந்தது.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விருப்பம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியதற்கு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்களும் இன்றும் பிரான்சின் அதிபர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். அமேசான் காட்டின் ஒரு பகுதியை ஆளும் அரசைத் தேர்ந்தெடுப்பவர்கள் புதுச்சேரித் தெருக்களில் வசிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள்.

பழைய உறவு இன்னும் துயரமானது. அடிமை முறை ஒழிந்தபின் பிரெஞ்சுக் காலனிகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் பிடித்தபோது, புதுச்சேரியும் காரைக்காலும் கப்பலேற்றும் முக்கியத் துறைமுகங்கள். ரீயூனியன், குவாதலூப், மர்தினிக் தீவுகளோடு பிரெஞ்சு கயானாவுக்கும் ஆயிரக்கணக்கானோர் அனுப்பப்பட்டார்கள். காட்டுக்குள் தங்கம் எடுக்கும் இடங்களில்கூட அவர்களை வேலை வாங்கினார்கள். அங்கே இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்ததால் 1870-களில் பிரிட்டிஷ் இந்திய அரசு பிரெஞ்சு கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அந்தத் தீவுகளில் தமிழ் மரபின் சுவடுகள் இன்றும் தெரிகின்றன. பிரெஞ்சு கயானாவுக்குப் போனவர்களைப் பற்றி இங்கே பேசுவோர் குறைவு. அவர்களின் பெயர்கள் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

இன்றைய தொடர்பு வானில் இருக்கிறது. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்துதான் 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11 செயற்கைக்கோள் 2018 டிசம்பரில் ஏவப்பட்டது. டிடிஎச் சேவைக்கான ஜிசாட்-24 அங்கிருந்து 2022 ஜூனில் போனது.

கடைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

ஆற்றின் பெயருக்கு மூலம் ஸ்பானியப் பயணி பிரான்சிஸ்கோ தெ ஒரெயானா. 1542-இல் ஆற்றின் வழியே போனபோது பெண்கள் முன்னின்று போரிட்டதாக அவருடன் சென்ற பாதிரியார் கார்வஹால் எழுதிவைத்தார். கிரேக்கக் கதைகளில் வரும் போர்ப்பெண்களின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஜெஃப் பெசோஸ் 1994 ஜூலையில் நிறுவனத்தைத் தொடங்கியபோது வைத்த பெயர் கடாப்ரா. தொலைபேசியில் அது ‘பிணம்’ என்ற ஆங்கிலச் சொல்லாக ஒரு வழக்கறிஞரின் காதில் விழுந்ததால் கைவிட்டார். அன்றைய இணையப் பட்டியல்கள் அகரவரிசையில் இருந்தன. ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் தொடங்கும் பெயர் வேண்டும், அது உலகின் மிகப் பெரிய ஆறாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1995 ஜூலையில் புத்தகக் கடையாகத் திறந்தார்.

இன்று அதன் லாபத்தின் பெரும்பகுதி கடையிலிருந்து வருவதில்லை. 2024-இல் மொத்த விற்பனை சுமார் 63,800 கோடி டாலர். அதில் கணினிச் சேவைப் பிரிவின் பங்கு ஆறில் ஒன்றுதான். செயல்பாட்டு லாபமான சுமார் 6,860 கோடி டாலரில் மட்டும் அந்தப் பிரிவு ஏறத்தாழ 58 சதவீதத்தைத் தந்தது. மற்ற நிறுவனங்களுக்குச் சேமிப்பிடத்தையும் கணிப்பு ஆற்றலையும் வாடகைக்கு விடும் தொழில் அது. அக்டோபரில் அதன் வர்ஜீனியா மையத்தில் கோளாறு வந்தபோது, அந்தக் கடையோடு தொடர்பே இல்லாத செயலிகளும் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் அது கடையே இல்லை

2013 ஜூனில் இந்தியாவில் தொடங்கிய அமேசான் தளத்துக்கு, இங்குள்ள நுகர்வோருக்குத் தன் சொந்தச் சரக்கை விற்கப் பொதுவாக அனுமதி இல்லை. அந்நிய முதலீட்டு விதிப்படி வெளிநாட்டு முதலீடு உள்ள இணைய வணிக நிறுவனம் பொதுவாகச் சந்தையாக மட்டுமே இயங்கலாம். வாரச் சந்தையில் குத்தகைதாரர் இடம் தந்து கட்டணம் வாங்குவார், காய்கறி விற்பவர்கள் வேறு ஆட்கள், அதே ஏற்பாடுதான். 2019 பிப்ரவரி 1 முதல் விதி இன்னும் இறுகியது. தளம் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் அதே தளத்தில் விற்கக் கூடாது.

வாங்குபவருக்கு இதனால் என்ன?

1. விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் விற்பவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயரிடமிருந்துதான் நீங்கள் வாங்குகிறீர்கள். பெட்டியின் மேல் இருக்கும் பெயர் வேறு. வாங்கும் முன் அந்த வரியைப் படித்தே ஆக வேண்டும்.

2. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, எந்தத் தளமானாலும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

3. தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கடலூர்க்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை.

விற்பவருக்கு நம் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் முள்ளோடையில் எல்லை. 2023 அக்டோபர் முதல், விற்றுமுதல் வரம்புக்குக் கீழே உள்ள சிறு வணிகர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இணையத் தளங்களில் பொருள் விற்கலாம். ஆனால் ஒரே மாநிலத்துக்குள் மட்டும். வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் ஒரு பெண், பதிவு இல்லாமல் இணையத்தில் தன் ஒன்றியப் பிரதேசத்துக்குள் விற்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான வணிகம். பரந்த மாநிலத்தில் இருப்பவருக்கு இந்த விதி பெரிய கதவு. புதுச்சேரிபோலச் சிறிய பகுதியில் இருப்பவருக்கு அது சாவித் துளை. இந்த விதியைப் புதுச்சேரிக்கு மாற்றித் தர வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் கேட்பது முழுக்க நியாயமாக இருக்கும்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

2012-இல் நிறுவனம் இணைய முகவரியின் கடைசிப் பகுதியாக ‘டாட் அமேசான்’ வேண்டும் என்று, இணைய முகவரிப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பிடம் விண்ணப்பித்தது. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. காட்டைப் பகிரும் எட்டு நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பும் சேர்ந்துகொண்டது. 2014-இல் ஐகேன் விண்ணப்பத்தை மறுத்தது. 2017-இல் தனி மீளாய்வுக் குழு நிறுவனத்தின் பக்கம் நின்றது. கிண்டில் மின்னூல் கருவிகளும் கணினிச் சேவையும் தருவதாக நிறுவனம் சொல்லியும் நாடுகள் ஏற்கவில்லை. 2019 மே மாதம் ஐகேன் இசைந்தது, 2020-இல் முகவரி நிறுவனத்துக்குப் போனது. எட்டு நாடுகளுக்கும் வணிகம் சாராத பயன்பாட்டுக்குச் சில முகவரிகள் கிடைத்தன, பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள பெயர்கள் தடுத்துவைக்கப்பட்டன.

நாடுகள் தோற்றதற்குக் காரணம் எளியது. நாடு, மாநிலம் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்ப் பட்டியலில் இருப்பவற்றுக்கே ஐகேன் விதிகள் உறுதியான பாதுகாப்பு தருகின்றன. ஆற்றுக்கும் காட்டுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அர்ஜென்டினாவிலும் சிலியிலும் பரவிய ஒரு நிலப்பகுதியின் பெயரைக் கொண்ட படகோனியா என்ற ஆடை நிறுவனம், இதேபோன்ற விண்ணப்பத்தை அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்தபோது 2013-இல் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு நிறுவனம் விலகிக்கொண்டது, மற்றொன்று விலகவில்லை.

நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டமும் இடத்தைக் காப்பதில்லை, இடத்தோடு ஒட்டிய பொருளையே காக்கிறது. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. கெடிலம், தென்பெண்ணை, சங்கராபரணி என்ற பெயர்களை நாளை யாராவது ஒரு செயலிக்கு வைத்தால், தடுக்க அந்தச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை.